சரக்கு ரயிலுக்குத் தனிப்பாதை

நீங்கள் போகும் விரைவு ரயிலுக்கு வழிவிட்டு, பக்கத்துத் தடத்தில் நீண்ட சரக்கு ரயில் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு லாரிக்கு மாறியதற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். 1951-இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ரயிலில்தான் நடந்தது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லாரி வாசலுக்கே வந்துவிடுகிறதே!

இதை மாற்றத்தான் சரக்குக்கென்றே தனிப்பாதைகள். கிழக்குப் பாதை லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர். மேற்குப் பாதையிலோ மின்கம்பியை உயர்த்திக் கட்டி, கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கி ஓட்டுகிறார்கள். மெச்சத்தக்க வேலை! 2030-க்குள் ரயிலின் பங்கை 45 விழுக்காடாக உயர்த்துவது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு.