வெளியே கீறல்கூட இல்லை: தலைக்கவசத்தை எப்போது மாற்ற வேண்டும்?

வன்னியில் பங்கர் வெட்டி வாழ்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் எறிகணை விழுந்து ஆட்டம் கண்ட பங்கருக்குள், மேலே அடுக்கிய பனங்குற்றிகள் அப்படியே கிடந்தாலும், மறுபடி நம்பி இருக்க மாட்டோம். ஒன்றில் திருத்துவோம், இல்லையென்றால் வேறிடத்தில் புதிதாக வெட்டுவோம். ஓர் அடியைத் தாங்கிய காப்பு அடுத்த அடியையும் தாங்கும் என்று நினைக்கக்கூடாது என்பதை உயிரைக் கொடுத்துப் படித்தோம்.

மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் மட்டும் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். விழுந்து எழும்பியவர் கவசத்தைத் துடைத்துப் பார்க்கிறார். உடையவில்லை. அடுத்த நாள் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

கவசத்தின் வெளி ஓடு கூரான பொருள் தலைக்குள் இறங்காமல் தடுக்கிறது. அடியின் வேகத்தைப் பரந்த இடத்துக்குப் பகிர்கிறது. ஆனால் மூளையைக் காப்பாற்றும் முக்கிய வேலை உள்ளே இருக்கும் ரெஜிபோம் படையினுடையது. தலை தரையில் மோதும்போது அந்தப் படை நசிந்து, அடியின் சக்தியைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசிந்த ரெஜிபோம் பழைய நிலைக்குத் திரும்பாது. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் நசிவதற்கு அங்கே போதிய இடம் இருக்காது. வெளி ஓடு வளைந்து நிமிர்ந்துவிடுவதால், உள்ளே நடந்தது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். குதிரை ஓடுவோரின் கவசத்துக்கும் சைக்கிள் கவசத்துக்கும் இதுதான் விதி.

இந்தக் கவசத்தின் வரலாறும் ஒரு போரோடு பிணைந்தது. 1935 மே மாதம் இங்கிலாந்தில், ‘அரேபியாவின் லோரன்ஸ்’ என அறியப்பட்ட ரி. ஈ. லோரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் காயமடைந்து ஆறு நாட்களில் இறந்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஒருவர் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெய்ன்ஸ். இரண்டாம் உலகப் போரில் இராணுவச் செய்திகளைக் கொண்டோடிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் தலைக்காயத்தால் இறப்பதை ஆராய்ந்து, கவசத்தின் அவசியத்தை 1941இல் எழுதினார். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. 2008இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, தலைக்கவசம் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 வீதத்தாலும் தலைக்காய அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது.

எப்போது மாற்றுவது?

விபத்தில் கவசம் எதிலாவது மோதியிருந்தால், கீறல் இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். தலை உள்ளே இல்லாமல் இருக்கையிலிருந்து ஒருமுறை நழுவி விழுந்ததற்காக உடனே எறியத் தேவையில்லை. உள்படையில் வெடிப்போ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்தே நடக்காவிட்டாலும் கவசம் கிழடாகும். வெய்யில், வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் அதைப் பலவீனப்படுத்தும். அமெரிக்காவின் ஸ்னெல் நிறுவனமும் பல உற்பத்தியாளர்களும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறார்கள். தயாரித்த திகதி பெரும்பாலும் உள்ளே ஒட்டியிருக்கும்.

நாடாப் பட்டி நைந்திருந்தால், பூட்டு இறுகாவிட்டால், வைத்திருக்க வேண்டாம். பட்டியைப் பூட்டியபின் கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து மேலே முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது விபத்திலும் கழன்றுதான் போகும். கண்முன் கண்ணாடி மட்டும் கீறுப்பட்டிருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம்.

பெற்றோல், தின்னர் போன்றவை ரெஜிபோமைக் கரைக்கும். பெற்றோல் துணியால் கவசத்தைத் துடைக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் போதும். பக்கக் கண்ணாடியில் கொழுவுவதும் உள்படையில் பள்ளம் விழுத்தும்.

பாவித்த கவசத்தை வாங்க வேண்டாம். அது எத்தனை தரம் விழுந்தது என்பது விற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். கழிக்கும் கவசத்தின் பட்டியை வெட்டிவிட்டு எறியுங்கள். இல்லையென்றால் இன்னொருவர் தலையில் ஏறும்.

காசு ஒரு பிரச்சினைதான். ஒருவரின் உழைப்பில் ஓடும் வீட்டில் புதுக் கவசம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் அந்த வீட்டில் உழைக்கிறவர் வீதியில் விழுந்தால் பிறகு வீடே விழுந்துவிடும். விலை கூடியதைத் தேட வேண்டியதில்லை, எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள, தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும் கவசம் போதும். பின்னால் இருப்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் பிள்ளைக்குப் பெரியவரின் பழைய கவசத்தைக் கவிழ்ப்பதால் பயனில்லை. பிள்ளையின் தலை அளவுக்கு ஏற்றது வேண்டும்.

போரில் தலையில் காயப்பட்டவர்கள், இன்றும் சிதறுதுண்டுகளோடு வாழ்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

இன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் உங்கள் கவசத்தின் உள்துணியை விலக்கிப் பாருங்கள். திகதி, வெடிப்பு, பட்டி, பூட்டு: ஐந்து நிமிட வேலை. பொலிஸாருக்காகப் போடுவதென்றால் எந்தக் கவசமும் போதும். தலைக்காகப் போடுவதென்றால் பார்த்துத்தான் போட வேண்டும்.