கொல்லும் வைரஸ் எங்கே உருவாகிறது?

பறவைக் காய்ச்சல் பரவும்போதெல்லாம் முதல் பழி வலசைப் பறவைகள் மேல் விழுகிறது. அதில் பாதி நியாயம்தான் உண்டு. இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸுக்குப் பூர்விகம் காட்டு வாத்து முதலான நீர்ப்பறவைகளின் குடல். அங்கே அது பெரும்பாலும் தீங்கின்றிக் காலம் தள்ளுகிறது. எச்5, எச்7 பிரிவுகளைச் சேர்ந்த அந்தச் சாது வைரஸ் பண்ணைக்குள் நுழைந்த பிறகே கொலைகாரனாக மாறுகிறது என்பதற்குத்தான் சான்றுகள் அதிகம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1983 ஏப்ரலில் கோழிகளிடம் காணப்பட்ட எச்5என்2 லேசான நோயையே தந்தது. அக்டோபரில் அதே வைரஸ், தொற்றிய மந்தைகளில் பத்தில் எட்டுக் கோழிகளைச் சாய்த்தது. அதை ஒழிக்க ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டிவந்தது.

வைரஸின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பறவையின் நொதி வெட்டினால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். சாது வகையை வெட்டும் நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே இருக்கின்றன. வெட்டுமிடத்தின் அமைப்பு மாறிவிட்டால் உடலெங்கும் உள்ள நொதிகள் அந்த வேலையைச் செய்துவிடும்; மூளை, இதயம் எதுவும் தப்பாது. பென்சில்வேனியாவில் அந்த இடத்தை மறைத்திருந்த சர்க்கரை மூலக்கூறு, மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் இல்லாமல் போனது. இப்படிப்பட்ட பிழை காட்டு வாத்தின் உடலிலும் நேரலாம். ஆனால் வாத்து பறக்க முடியாமல் விழுந்தால் வைரஸின் பயணமும் அங்கேயே நின்றுவிடும். ஒரே வம்சம், ஒரே வயது, ஆயிரக்கணக்கில் உரசி நிற்கும் கோழிகள் என்றிருக்கும் கொட்டகையில் அடுத்த உடல் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கோழி செத்தாலும் வைரஸுக்கு நட்டமில்லை.

கேடு புறக்கடைக் கோழிகளிடமிருந்து வருகிறது என்பார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சாது வைரஸ் வீரியம் பெற்ற 39 நிகழ்வுகளைத் தொகுத்தது. இரண்டைத் தவிர மற்றவை வணிகப் பண்ணைகளில், பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. கண்காணிப்பு மிகுந்த நாடுகளில்தான் இவை கண்ணில் படும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அந்த நாடுகளிலும் வீட்டுக் கோழிகள் உண்டு; அவற்றிடையே இந்த மாற்றம் மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது. இன்று காட்டுப் பறவைகளே கண்டம் கண்டமாக எச்5என்1 வைரஸைச் சுமந்து செல்வதும் உண்மை. அந்த வைரஸின் மூதாதை, 1996இல் சீனாவின் குவாங்தோங்கில் பண்ணையில் வளர்ந்த பெருவாத்துகளிடம் (கூஸ்) கண்டறியப்பட்டது. நம்மிடமிருந்து போனதுதான் நம்மிடம் திரும்பி வருகிறது.

தடுப்பூசி போட்டால் தீராதா என்றால், ஓரளவு தீரும். சீனாவில் மனிதர்களையும் பலிகொண்ட எச்7என்9, 2017இல் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபின் மனிதர்களிடம் ஏறக்குறைய நின்றேபோனது. மெக்சிகோவில் 1995 முதல் தடுப்பூசி போட்டும் எச்5என்2 ஒழியவில்லை. ஊசிக்குப் பிடிபடாதபடி உருமாறிக்கொண்டது. ஊசி போட்ட கோழி நோயின்றித் தெரியும், ஆனால் எச்சத்தில் வைரஸை வெளியிடக்கூடும். ஆகவே ஊசி போடும் பண்ணைகளில் பரிசோதனை கூடவே நடக்க வேண்டும், அதுவும் கோழி சாகத் தொடங்குமுன், சாது வகை தென்படும்போதே.