விளக்கு மாடத்தருகே ஒரு மரச் சட்டம்

புதுச்சேரியின் வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூண்களும் கொண்ட பழைய தமிழர் இல்லங்கள் புதுப்பொலிவு பெற்று நிற்கின்றன. அப்பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இத்தகைய பழைய வீடுகளில் அந்தியில் அகல் ஏற்றுவதற்கென்றே சுவரில் மாடம் அமைப்பது வழக்கம்.

இன்றோ, பூஜையறைக்குள் நுழைபவரின் கை முதலில் தேடுவது சுவிட்சைத்தான். அதன் வெறுமையை மறைக்க, செதுக்கிய மரச் சட்டத்தைச் சுற்றிலும் பொருத்தி, அதனுள் சிறு எல்.இ.டி. விளக்கை ஒளித்து வைக்கச் சிலர் விரும்புகின்றனர். விரும்பத்தக்க அழகே. புதுவைக்கு மேற்கே, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையும் இருக்கிறது.

மணக்குள விநாயகரின் ஊரில், ஆனைமுகனையே அதில் செதுக்கச் சொல்லத் தோன்றும். ஆனால் ஈரக்கையும் எண்ணெய்க்கையும் நாள்தோறும் படும் இடமல்லவா அது! கஜலட்சுமியை முன்னோர் நிலைவாசலின் உச்சியில், தலைக்கு மேலேதான் அமர்த்தினர். சுவிட்சுக்குத் தாமரையும் கொடியும் அன்னமும் போதும்.

மரம் எளிதில் தீப்பற்றுவது. ஆகவே சுவிட்சும் மின்கம்பி இணைப்புகளும் அவற்றுக்குரிய பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்; மரம் வெளியலங்காரம் மட்டுமே. வீட்டின் 230 வோல்ட்டை விளக்குக்கேற்ற 12 வோல்ட்டாகக் குறைக்கும் கருவியைக் காற்றோட்டமுள்ள இடத்தில், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவதே முறை. ஏற்றிய அகலும் கற்பூரத் தட்டும் அச்சட்டத்தின் கீழே வேண்டாம். அவற்றுக்கு மாடம் இருக்கிறது.