ஆணி அறையாத கட்டு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த அப்பா வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொல்லைக்கு வந்துவிட்டார். தென்னைகளுக்கு நடுவே இரண்டு ஓடங்களையும் இணையாக நிறுத்தி, முதல் குறுக்குமரத்தை நானும் அக்கா மகனும் கட்டிக்கொண்டிருந்தோம். மரத்தையும் ஓடத்தையும் சேர்த்துக் கயிற்றைப் பல சுற்று சுற்ற வேண்டும். பிறகு அந்தச் சுற்றுகளின் இடுப்பில் குறுக்கே சில சுற்று போட்டு இழுத்து இறுக்க வேண்டும். அப்பா குனிந்து, கட்டைவிரலால் கயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"மக்கா, இது நம்ம மரக்கெட்டுல்லா?"

"வெள்ளக்காரன் வரஞ்ச பிளான்பா."

"யாரு வரஞ்சா என்னலே, கெட்டு நம்ம கெட்டுதான்."

கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார். கடைசிச் சுற்றை அவிழ்த்து, காலைக் கொடுத்து மறுபடி இழுத்தார். எண்பது வயதுக் கை. நான் விட்டிருந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது கயிறு.

நாற்பது ஆண்டுக்கு மேல் கட்டுமரத்தில் போனவர் அவர். நான் கடலுக்குப் போகவில்லை; குமரி மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்குப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ரெசின் வாசனைதான் என் தொழில். மூன்று ஆண்டாக, வேலை இல்லாத நாட்களில், கொல்லையில் ஒரு பாய்மரப் படகு கட்டிவருகிறோம். பெயர் டீக்கி 21. நீளம் 21 அடி, அகலம் 12 அடி. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்த இரண்டு ஒல்லி ஓடங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குமரங்கள், நடுவில் பலகைத் தளம், ஒரு பாய்மரம். இவ்வளவுதான். இதே வகைப் படகைத் தானே கட்டி, அதற்கு 'குக்கிங் ஃபேட்' என்று பெயரிட்டு, 1991-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ரோரி மெக்டூகல் என்ற இளைஞர் 1997-ல் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பினார்.

ஆறு மில்லிமீட்டர் பலகை எப்படிப் பெருங்கடலைத் தாங்கும்? பட்டறைக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. படகைக் கட்டக் கட்டத்தான் தெளிந்தது.

இதை வரைந்தவர் ஜேம்ஸ் வொரம். 1928-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். பணக்காரர் இல்லை. எரிக் தெ பிஷோப் என்ற பிரெஞ்சுக்காரர் கைமிலோவா என்ற இரட்டை ஓடத்தை ஹவாயில் கட்டி, 1937-38-ல் அதிலேயே பிரான்சு வரை வந்த கதையை வாசித்தார். நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உட்கார்ந்து பசிபிக் தீவு மக்களின் படகுகளைப் படித்தார். தோர் ஹெயர்டால் 1947-ல் கோன்-டிக்கி என்ற தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்திருந்த காலம் அது. தென் அமெரிக்காவிலிருந்து தெப்பத்தில் மிதந்து வந்த மக்களே அந்தத் தீவுகளில் குடியேறினார்கள் என்பது ஹெயர்டாலின் வாதம். வொரம் அதை ஏற்கவில்லை. தீவு மக்களிடம் நல்ல இரட்டை ஓடங்கள் இருந்தன, நினைத்த திசைக்கு நினைத்தபடி போனார்கள் என்று நம்பினார். நம்பியதை நிரூபிக்க 23 அடி 6 அங்குலத்தில் தானே ஒரு இரட்டை ஓடம் கட்டினார். அந்த மக்களின் கடல் தெய்வமான தங்கரோவாவின் பெயரையே அதற்கு வைத்தார். ரூத், யுட்டா என்ற இரண்டு ஜெர்மன் பெண்களோடு 1955-ல் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் தீவில் கரையேறினார்.

அங்கேயே அடுத்த படகையும் கட்டினார்கள். 40 அடி நீளம், பெயர் ரோங்கோ. பின்னாளில் கடலோடியாகப் பெரும் புகழ்பெற்ற பெர்னார்ட் முவாத்தெசியே அதற்குக் கைகொடுத்தார். தங்கரோவாவின் அடிப்பகுதி தட்டையானது. ரோங்கோவின் ஓடங்களோ குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் கீழே கூர்ந்திருந்தன. அந்தக் கூர்மை நீரைப் பிடித்துக்கொள்வதால், பக்கக் காற்றில் படகு சறுக்குவது குறையும். தனியாக ஆழமான அடிப்பலகை வேண்டாம். 1959-ல் ரோங்கோ நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்கு, கடினமான வட அட்லாண்டிக் வழியாகவே திரும்பியது. அதன்பின் 2021-ல் இறக்கும்வரை வொரம் செய்த வேலை ஒன்றுதான்: சாதாரண மனிதன் வீட்டில் கட்டும்படியான படகுகளுக்குப் பிளான் போடுவது. டீக்கி வரிசையை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் ஹனெக்கே பூன். அவர் கையால் வரைந்த படங்களைத் தாள் தாளாகப் பார்த்துத்தான் நாங்கள் மரம் அறுத்தோம். இதுவரை விற்ற பிளான்கள் பத்தாயிரத்துக்கு மேல்.

இப்படிப்பட்ட இரட்டைப் படகை உலகம் 'கேட்டமரன்' என்கிறது. அது நம் 'கட்டுமரம்' என்ற சொல். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வில்லியம் டாம்பியர் போன்ற மாலுமிகள் வழியே ஆங்கிலத்துக்குப் போனது. 1876-ல் நதானியேல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் அமரில்லிஸ் என்ற இரட்டைப் படகோடு நியூயார்க் பந்தயத்தில் இறங்கி எல்லோரையும் முந்தினார். அந்த வகைப் படகுக்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆனால் பெயர் ஒன்றானதால் படகும் ஒன்றாகிவிடாது. மரங்களை நெருக்கமாக அடுக்கிக் கட்டியது நம் மரம். இடைவெளி விட்டு இரண்டு ஓடங்களை இணைத்தது தீவுக்காரர்களின் வித்தை. இந்தக் காலத்துக் கேட்டமரன்களை ஒரே வார்ப்பாகவோ போல்ட் போட்டோ செய்கிறார்கள். பெயரில் இருக்கிற கட்டு படகில் இல்லை. டீக்கியில் இருக்கிறது. அப்பாவின் விரல் முதலில் அதைத்தான் தொட்டது.

ஏன் கட்டு? அலை வரும்போது இரண்டு ஓடங்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஒன்றின் அணியம், அதாவது முன்முனை, ஏறும்போது இன்னொன்றின் அணியம் இறங்கும். நடுவிலுள்ள குறுக்குமரத்தை அது ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும். போல்ட் போட்டிருந்தால் அந்த முறுக்கு முழுவதும் ஒரு துளையின் விளிம்பில் போய் உட்காரும். மரநார் நசுங்கும், துளை பெரிதாகும், நீர் இறங்கும், மரம் அழுகும். கயிறோ சுமையைத் தன் அகலம் முழுவதற்கும் பங்கிட்டுக்கொள்கிறது. கொஞ்சம் நீண்டு கொடுத்து மறுபடி சுருங்கிக்கொள்கிறது. கோன்-டிக்கியில் ஹெயர்டால் பால்சா மரங்களைச் சணல் கயிற்றால் கட்டியபோது, இரண்டே வாரத்தில் தேய்ந்து அறுந்துவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். நடந்தது வேறு. மரம் மென்மையானது என்பதால் கயிறு அதற்குள்ளேயே பதிந்து பத்திரமாக இருந்தது. 101 நாள் தாங்கியது.

கயிற்றிலும் வித்தியாசம் உண்டு. அப்பா கட்டியது தும்புக் கயிற்றில். காய்ந்த கயிற்றால் கட்டினால், தண்ணீர் பட்டதும் உப்பி அதுவே இறுகும். நாங்கள் போடுவது பாலியெஸ்டர் கயிறு. வெயிலுக்கும் நீருக்கும் மசியாது. ஆனால் தானாக இறுகவும் செய்யாது. அதனால்தான் அந்த இடுப்புச் சுற்று. இறுக்கம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஓடங்களைச் செய்கிற முறையும் நம் கரைக்கு அந்நியமில்லை. எட்டடிப் பிளைவுட் தாள்களை நீளவாக்கில் ஒட்டி, வளையும் சட்டத்தை வைத்து வளைவு வரைந்து, வெட்டிக்கொள்கிறோம். பலகையின் ஓரம் நெடுக நுண்துளைகள். இரண்டு பலகைகளையும் செப்புக் கம்பியால் தைத்து, விரித்தால், தட்டையாகக் கிடந்த பலகை தென்னம்பாளை விரிவதுபோல ஓடமாக எழுந்து நிற்கும். முதல் ஓடம் அப்படி விரிந்த அன்று அக்கா மகன் கம்பி முறுக்குவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, எபாக்சி என்ற பசையில் நுண்ணிய மரத்தூளைக் கலந்து களிபோல ஆக்கி, உள்மூலையில் கரண்டியின் முதுகால் வளைவாகப் பூசுகிறோம். காய்ந்ததும் கம்பியை வெட்டிவிட்டு, மேலே ஃபைபர் துணி ஒட்டுகிறோம். 1963-ல் இங்கிலாந்தில் மிரர் என்ற சிறு படகு இந்தத் தையல் முறையைப் பரப்பியது; பல்லாயிரம் குடும்பங்கள் வீட்டிலேயே அதைக் கட்டின. நம் சென்னைக் கரையில் மசூலாப் படகுகளின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அப்போது துறைமுகம் இல்லாதிருந்த அந்தக் கரையில், அலையோடு வந்து மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுத்துப் பிழைக்கும்.

இந்த வேலையில் என் அனுபவமே என்னை ஏமாற்றியது. பட்டறையில் எப்போதும் பயன்படுத்துகிற பாலியெஸ்டர் ரெசினையே முதல் மூலைகளுக்குப் போட்டுவிட்டேன். ஃபைபர்மேல் ஃபைபருக்கு அது போதும். மரத்தை அது பற்றவில்லை. ஒரு மாதம் கழித்து உளியை நுழைத்தேன். வாழைப்பட்டை உரிவதுபோலத் துணி முழுநீளத்துக்கும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, எபாக்சியில் மறுபடி செய்தேன். எபாக்சி மரத்தை விடாது. ஆனால் நம் வெயிலில் அதற்கு அவசரம் அதிகம். கப்பில் மொத்தமாகக் கலந்து வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அதனால் விடியுமுன் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பிவைத்துக்கொண்டு வேலை செய்தோம். வீட்டில் கட்ட நினைப்பவர்களுக்கு இந்தப் படகில் ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு ஓடமும் ஓர் ஆள் படுக்கிற அகலம்தான் என்பதால் குறுகிய கொட்டகை போதும். கட்டை அவிழ்த்தால் லாரியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகலாம்.

இனி பெருங்கடல் கணக்கு. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் சுமார் 2,700 கடல் மைல். புயல் பருவம் ஓய்ந்து, வடகிழக்குக் காற்று நிலைத்தபின் கிளம்ப வேண்டும். மணிக்கு நான்கு கடல் மைல் ஓடினால் 28 நாள். காற்று ஏமாற்றலாம், ஆகவே 40 நாளுக்குத் தண்ணீர். இரண்டு பேருக்குத் தலைக்கு மூன்று லிட்டர் என்றால் 240 லிட்டர்; அதாவது 240 கிலோ. இந்தப் படகின் வேகமே அதன் எடைக் குறைவுதான். அதனால் ஒவ்வொரு பொருளையும், 'இது இல்லாமல் உயிரோடு இருக்க முடியுமா?' என்று கேட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். அடியில் ஈயம் கட்டிய ஒற்றைப் படகு கவிழ்ந்தாலும் நிமிரும். இரட்டை ஓடம் கவிழ்ந்தால் கடலில் தானாக நிமிராது. அதை நிமிர்த்தி வைத்திருப்பது அகலம் மட்டுமே. அணியத்திலும் பின்புறத்திலும் காற்றுப் புகாத அறைகள் இருப்பதால் மூழ்காது, அவ்வளவுதான். எனவே காற்று ஏறிய பிறகு பாயைச் சுருக்குகிறவன் இதில் போகக் கூடாது. ஏறுமுன் சுருக்குகிறவன்தான் போகலாம்.

தானே கட்டியவனிடம் இன்னொரு பலம் உண்டு. கனடாவின் விக்டோரியா நகரில் ஒரு மீன் வறுவல் கடையின் பின்புறத்தில் ஜான் கஸ்வெல் என்ற இளம் தச்சர் 20 அடி 6 அங்குலத்தில் டிரெக்கா என்ற படகைக் கட்டினார். 1955-லிருந்து 1959 வரை அதில் உலகைச் சுற்றினார். நடுவில், டிரெக்காவை நியூசிலாந்தில் விட்டுவிட்டு, நண்பர்களான ஸ்மீட்டன் தம்பதியின் ட்ஸூ ஹாங் என்ற பெரிய படகில் சேர்ந்துகொண்டார். 1957 பிப்ரவரியில், ஹார்ன் முனைக்குப் போகிற வழியில், ஒரு பேரலை அந்தப் படகைத் தலைகீழாகப் புரட்டியது. பாய்மரங்கள் போயின, மேலறை பிய்ந்து தளத்தில் பெருந்துளை விழுந்தது, பெரில் ஸ்மீட்டன் கடலில் வீசப்பட்டார். அவரை மீட்டு, வாளி வாளியாக நீரை இறைத்தார்கள். கிடைத்த மரத்தையும் துணியையும் கொண்டு கஸ்வெல் துளையை அடைத்து, மாற்றுப் பாய்மரமும் செய்து கொடுத்தார். மூவரும் சிலி நாட்டுக் கரையைப் பிடித்தார்கள். அவர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்தத் தச்சுக் கைக்கு உண்டு.

'இதுல கடல் தாண்டிப் போவியா?' என்று ஊரில் கேட்கிறார்கள். இப்போது இல்லை. ஆனி ஆடிக் கடல் அடங்கியபின் கரையை ஒட்டி ஓட்டிப் பழக வேண்டும். தூரம் பிறகு. ஆனால் அந்தத் தூரத்தைத் தாங்குகிற படகாகத்தான் ஒவ்வொரு மூலையையும் பூசியிருக்கிறோம்.

கட்டி முடித்த அன்று மாலை அப்பா, "இத எப்ப அவுப்ப?" என்று கேட்டார். அவிழ்க்க வேண்டியதில்லை, வருடக்கணக்கில் நிற்கும் என்றேன். தலையசைக்கவில்லை. அவர் காலத்தில் கரை வந்ததும் மரத்தை அவிழ்த்துத் தனித்தனியாக வெயிலில் காயவைப்பார்கள். மரம் உலர்வதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். "மறுக்கா கெட்டும்போ ஒவ்வொரு மரத்தையும் தொடணும்லா மக்கா. எது ஊறிப்போச்சு, எது வெடிச்சிருக்கு, கயிறு எங்க தேஞ்சிருக்குன்னு கை சொல்லும்" என்றார்.

மறுநாள் காலை அந்த முதல் கட்டை அவிழ்த்தேன். குறுக்குமரத்தின் அடி விளிம்பில் உப்புத்தாள் படாத ஓர் இடம் கூராக நின்றது. கயிற்றில் அதற்குள் இரண்டு நூல் பிசிறியிருந்தது. விளிம்பைத் தேய்த்து உருட்டிவிட்டு, புதுக் கயிறு எடுத்து மறுபடி கட்டினோம். இழுத்து இறுக்க அப்பாவைக் கூப்பிட்டேன்.