வருஷ முடிவுக் கடிதம்

ஐக்கிய அமெரிக்காவில் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும் பாடசாலைகள் கோடை விடுமுறைக்காக மூடப்படுகின்றன. மூடுவதற்குச் சில தினங்கள் முன்பாக மாணாக்கர்களின் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புவது அந்நாட்டு வழக்கம். கடைசி நாளன்று பள்ளி எத்தனை மணிக்கு விடப்படும், இரவல் பெற்ற புஸ்தகங்களையும் கம்ப்யூட்டரையும் எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும், பள்ளி ஆபீஸில் வைத்திருக்கும் குழந்தையின் மருந்தை யார் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும், வருஷ முழுவதும் கேட்பாரற்றுக் கிடந்த குளிர்காலச் சட்டைகளையும் ஒற்றைக் கையுறைகளையும் என்று வந்து அடையாளம் கண்டு எடுத்துச் செல்லலாம் என்பன போன்ற சமாசாரங்களே அக்கடிதத்தின் பெரும் பகுதி. பார்வைக்கு இவை அற்ப விஷயங்கள்தாம். ஆயினும், 'சார்ட்டர் பாடசாலை' என்று வழங்கும் ஒரு வகைப் பள்ளியிலிருந்து, அதிலும் இருநூறு குழந்தைகளுக்கு உட்பட்ட ஒரு சிறு பள்ளியிலிருந்து வரும் வருஷ முடிவுக் கடிதத்தை நாம் அற்பமென்று ஒதுக்குவதற்கில்லை. அக்கடிதத்தில் எழுதியிருப்பதைக் காட்டிலும், எழுதாமல் விடப்பட்டிருப்பதே சில சமயங்களில் குடும்பங்களின் தலைவிதியை நிர்ணயித்துவிடுகிறது.

சாஸனமும் தவணையும்

சார்ட்டர் என்னும் சொல் நம்மவருக்குப் புதிதன்று. 1600-ம் வருஷத்தில் எலிஸபெத் ராணி லண்டன் வர்த்தகர்களுக்கு அளித்த சார்ட்டரால் தோன்றியதே கிழக்கிந்தியக் கம்பெனி. 1793, 1813, 1833, 1853 என்று இருபது வருஷங்களுக்கு ஒரு முறை பிரிட்டிஷ் பார்லிமெண்டு அந்தச் சாஸனத்தைப் புதுப்பித்து வந்தது. இந்தியாவில் கல்விக்கென்று வருஷம் ஒரு லக்ஷம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்க வேண்டுமென்னும் விதியும் 1813-ம் வருஷத்துச் சார்ட்டர் சட்டத்தில்தான் இடம்பெற்றது. தவணை குறித்து அதிகாரம் கொடுப்பது, தவணை முடிந்ததும் விசாரித்துப் புதுப்பிப்பது அல்லது மறுப்பது: சாஸனத்தின் லக்ஷணம் இதுவே.

அமெரிக்க சார்ட்டர் பாடசாலையின் லக்ஷணமும் இதுவே. இப்பள்ளி பொதுப் பணத்தில் நடப்பது. குழந்தைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. ஆனால் ஊர்க் கல்வி போர்டின் நேர் நிர்வாகத்துக்கு இது உட்பட்டதன்று. தனக்கென ஒரு நிர்வாக சபை வைத்துக்கொண்டு, 'இன்ன பாடத்தை, இன்ன முறையில் கற்பித்து, இன்ன பலனைக் காட்டுவோம்' என்று எழுதிக் கொடுத்து, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடமிருந்து அனுமதி பெற்று நடக்கிறது. தவணை பெரும்பாலும் ஐந்து வருஷத்தை ஒட்டியிருக்கும். அரிஸோனா போன்ற சில ராஜ்யங்களில் 15 வருஷம் வரையிலும் உண்டு. தவணை முடிவில் வாக்குக் காப்பாற்றப்பட்டதா என்று பார்த்து, சாஸனம் புதுப்பிக்கப்படும்; இல்லையேல் பள்ளி மூடப்படும். நம் நாட்டில் சர்க்கார் உதவி பெறும் தனியார் பள்ளிகளுக்கு இது தூரத்து உறவு எனலாம். எனினும், இத்தகைய தவணைக் கத்தி நம் உதவிப் பள்ளிகளின் தலைமீது தொங்குவதில்லை.

இந்த யோசனை பிறந்த வரலாறும் அறியத்தக்கது. மாஸச்சூஸெட்ஸைச் சேர்ந்த ரே பட் என்னும் கல்வியாசிரியர் இதை முதலில் வகுத்தார். 1988-ல் அமெரிக்க உபாத்தியாயர் சம்மேளனத்தின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் இதை எடுத்துக்கொண்டு நாடறியச் செய்தார். உபாத்தியாயர்களே சிறு குழுவாகக் கூடிப் புது முறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாகவே அவர் இப்பள்ளிகளைக் கருதினார். 1991-ல் மின்னஸோட்டா ராஜ்யம் முதற் சட்டத்தை இயற்றி, எட்டுப் பள்ளிகள் வரையில் அனுமதித்தது. மறு வருஷம் செயிண்ட் பால் நகரில், படிப்பைப் பாதியில் விட்ட வாலிபர்களுக்காக முதற் பள்ளி திறக்கப்பட்டது. அதுவும் சிறு பள்ளியே. பின்னர் இலாப நோக்குள்ள கம்பெனிகள் இத்துறையில் நுழையக் கண்டு, ஷாங்கரே இதன் கடுமையான விமர்சகரானார். எட்டில் தொடங்கிய கணக்கு 2021-22-ம் வருஷத்தில் சுமார் 7,800 பள்ளிகளாகவும், சுமார் 37 லக்ஷம் மாணாக்கர்களாகவும் பெருகிவிட்டது.

தலைக்கு இவ்வளவு

இப்பள்ளிகள் பொதுவில் நன்மையா தீமையா என்னும் வாதத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அறிக்கையில், கணிதத்தில் 17 சதவிகிதப் பள்ளிகளே பொதுப் பள்ளிகளைவிட மேலாயிருந்தன என்றும், 37 சதவிகிதம் தாழ்ந்திருந்தன என்றும் கண்டது. அதே நிலையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையிலோ, சார்ட்டர் மாணாக்கர்கள் சராசரியில் வாசிப்பில் 16 நாட்படிப்பும் கணிதத்தில் 6 நாட்படிப்பும் கூடுதலாகப் பெற்றனர் என்று சொல்லிற்று. கட்சிக்காரர்கள் தத்தமக்குச் சாதகமான அறிக்கையை எடுத்துக் காட்டுவர். பெற்றோருக்கோ சராசரி ஒரு பொருட்டன்று. தம் குழந்தை ஏறி இறங்கும் அந்த ஒரு பள்ளியின் படிதான் அவர்களுக்குப் பொருட்டு.

சிறு பள்ளியின் பலமும் பலஹீனமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. தலைமை உபாத்தியாயர் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைக்கிறார். மூன்றாம் வகுப்புப் பையன் காலையில் முகம் வாடி வந்தால் யாரேனும் ஒருவர் கவனிக்கிறார். இந்த நெருக்கத்தை விரும்பியே பெற்றோர் மனுப் போடுகின்றனர். இடத்துக்கு மிஞ்சி மனுக்கள் வந்தால் பெரும்பாலான ராஜ்யங்களில் குலுக்கிச் சீட்டெடுக்க வேண்டும். சீட்டு விழுந்த வீட்டில் அன்று தீபாவளிதான். ஆனால் சர்க்கார் பணமோ பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வருகிறது. உதாரணத்துக்குத் தலைக்குப் பதினாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 150 பேர் படிக்கும் பள்ளியில் பத்துக் குழந்தைகள் விலகிவிட்டால் ஒரு லக்ஷம் டாலர் குறைந்து போகிறது. பத்துக் குழந்தைகளும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. ஆகையால் ஒரு வகுப்பையும் மூட முடியாது. விளக்கெரிய வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பெரிய பள்ளி இந்நஷ்டத்தைத் தாங்கும். சிறு பள்ளி சங்கீதத்தையோ சித்திரத்தையோ நிறுத்தும், அல்லது ஓர் உபாத்தியாயரை அனுப்பிவிடும். அதைக் கண்டு மேலும் ஐந்து குடும்பங்கள் வெளியேறும். குளத்துக் கரையில் சிறு மடை விழுந்த கதைதான்.

'வரும் வருஷமும் தங்கள் குழந்தை இங்கேயே படிக்குமா?' என்று வருஷ முடிவுக் கடிதத்தில் கேட்கிறார்களே, அது உபசாரக் கேள்வியன்று. அதன் விடையைக் கொண்டுதான் பள்ளியின் வரவு செலவுத் திட்டமே தயாராகிறது. பெற்றோர் அதற்குக் காலத்தில் மறுமொழி எழுதுவது அவர்கள் கடமை. ஆனால் பெற்றோரிடம் உண்மையைக் கேட்கும் பள்ளி, தானும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டதன்றோ?

மறைத்ததன் விலை

திடீர்ச் செய்தி குடும்பங்களை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதற்குச் சான்றுகள் உள. வாஷிங்டன் ராஜ்யத்தில் 2015-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி, சார்ட்டர் பள்ளிச் சட்டம் ராஜ்யத்தின் அரசியல் சாஸனத்துக்கு முரணானது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படாத சபையின் கீழ் நடக்கும் பள்ளி பொதுப் பள்ளிக்குரிய பணத்தைப் பெற முடியாதென்பது அதன் சாரம். புது வருஷத்து வகுப்புகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. ஒன்பது பள்ளிகளின் குடும்பங்கள் திகைத்து நின்றன. 2016-ல் வேறு வழியாகப் பணம் தரும் புதுச் சட்டம் வந்தது. 2018-ல் நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது. ஒஹையோ ராஜ்யத்திலோ, கம்ப்யூட்டர் மூலமாகவே பாடம் நடத்தி வந்த ஒரு பெரிய சார்ட்டர் பள்ளி, மாணாக்கர் கணக்கு விஷயத்தில் சர்க்காருடன் நேர்ந்த வழக்குகள் முடிவதற்கு முன்பே, 2018 ஜனவரியில் நடு வருஷத்திலேயே மூடப்பட்டது. சுமார் 12,000 மாணாக்கர்கள் வேறு பள்ளி தேட நேர்ந்தது.

இவை கோர்ட்டும் சர்க்காரும் சம்பந்தப்பட்ட பெருஞ் சம்பவங்கள். சிறு பள்ளிகள் ஓசையின்றி மூடுகின்றன. வீட்டுக்கு அருகிலுள்ள பொதுப் பள்ளி எக்காலத்திலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் பெற்றோர் தேடி விரும்பும் வேறு பள்ளிகளின் குலுக்கல் பெரும்பாலும் வசந்த காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிப்ரவரியில் தெரிந்திருந்தால் நாலு வழி இருந்திருக்கும்; ஆகஸ்டில் தெரிந்தால் ஒரே வழி. நிர்வாகிகள் கெட்ட எண்ணத்தால் மறைக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. 'சொன்னால் குழந்தைகள் விலகுவார்கள். விலகினால் பள்ளி நிச்சயம் விழும். சொல்லாதிருந்தால் ஒருவேளை பிழைக்கும்' என்று அவர்கள் எண்ணக்கூடும். அந்த எண்ணம் புரியாததன்று. எனினும், 'ஒருவேளை' என்னும் அச்சீட்டைப் பிறர் குழந்தையின் ஒரு வருஷப் படிப்பைப் பணயம் வைத்து ஆட யாருக்கும் உரிமையில்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

கடிதத்தில் காண வேண்டியவை

ஆகவே, ஒற்றைக் கையுறைகளின் சமாசாரத்தோடு இன்னும் ஐந்து விஷயங்கள் வருஷ முடிவுக் கடிதத்தில் இருக்க வேண்டும். முதலாவது, சாஸனத்தின் தவணை என்று முடிகிறது, புதுப்பிக்கும் விசாரணை எந்நிலையிலிருக்கிறது என்பது. இரண்டாவது, இவ்வருஷம் எத்தனை குழந்தைகள் படித்தனர், வரும் வருஷத்துக்கு எத்தனை பேர் உறுதி சொல்லியிருக்கின்றனர் என்பது. மூன்றாவது, வரவு செலவு. பற்றாக்குறை உண்டானால் எதை நிறுத்த உத்தேசம் என்பது. நான்காவது, எத்தனை உபாத்தியாயர்கள் விலகுகின்றனர் என்பது. 'புதிய பாதையைத் தேடிச் செல்லும் நம் அருமை உபாத்தியாயருக்கு வாழ்த்து' என்று எழுதுவது அழகுதான். பன்னிருவரில் ஐவர் அப்பாதையில் சென்றால், பாதை ஏன் அத்தனை நெரிசலாயிற்று என்பதையும் விளக்குவது அழகு. ஐந்தாவது, நிர்வாக சபை அடுத்து என்று கூடும், பெற்றோர் எங்கே வந்து பேசலாம் என்பது.

இந்த ஐந்தாவது விஷயத்தை நாம் விசேஷமாக வற்புறுத்துகிறோம். மின்னஸோட்டா சட்டப்படி நிர்வாக சபையில் உபாத்தியாயர் ஒருவரும், பெற்றோர் ஒருவரும், ஊரார் ஒருவரும் குறைந்த பக்ஷம் இருந்தாக வேண்டும். கூட்டங்கள் பகிரங்கமாக நடக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது; ஆனால் வருஷம் முழுவதும் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தால் திறந்த கதவால் பயனென்ன? குழந்தையின் பட்டமளிப்பு விழாவுக்குக் காமிராவுடன் வரும் பெற்றோர், வரவு செலவுக் கூட்டத்துக்கும் ஒரு மாலை வர வேண்டும்.

கடிதத்தின் பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயிண்ட் பால், மினியாபோலிஸ் நகரங்களில் மாங், சோமாலி, ஸ்பானிஷ் முதலிய பாஷைகள் பேசும் குடும்பங்கள் மிகுதி. விருந்துக்கான அழைப்பை அவரவர் பாஷையில் எழுதி, சாஸன விசாரணைச் செய்தியை மட்டும் இங்கிலீஷில் விடுவது சொல்லாமலிருப்பதற்குச் சமானம். தாய்மொழியில் அறியாத செய்தி பாதிச் செய்தியே என்பது அனுபவத்தால் நாம் கற்ற பாடம்.

கம்பெனியின் சாஸனம் 1853-ல் புதுப்பிக்கப்பட இருந்த சமயத்தில், சென்னையில் கஜுல லக்ஷ்மிநரசு செட்டியார் முதலியோர் 1852-ல் சுதேசிகள் சங்கம் ஒன்றை நிறுவி, ஜனங்களின் குறைகளை எழுதிப் பார்லிமெண்டுக்கு மகஜர் அனுப்பினர். விசாரணை நடந்த மண்டபமோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தது. உள்ளே சென்று ஒரு வார்த்தை சொல்ல நம்மவர்க்கு ஆசனமில்லை. இருந்தும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கச் சிறு பள்ளியின் பெற்றோருக்கு விசாரணை மண்டபம் பக்கத்துத் தெருவிலிருக்கிறது. சட்டம் ஆசனமும் அளித்திருக்கிறது. அவர்கள் அறிய வேண்டியதெல்லாம் விசாரணை என்று, எதைப் பற்றி என்பது மட்டுமே. அதைச் சொல்வதற்குரிய இடம் வருஷ முடிவுக் கடிதம்.

நல்ல சமாசாரத்தைச் சந்தோஷமாகவும், கெட்ட சமாசாரத்தைக் காலத்திலும் எழுதும் பள்ளியைப் பெற்றோர் எளிதில் கைவிடமாட்டார்கள். குடும்பங்களை நம்பி உண்மையைச் சொன்ன பள்ளிக்கு, நிதி திரட்டவும் வர்ணம் பூசவும் மனு எழுதவும் குடும்பங்களே முன்வருவார்கள். அப்படி வந்தும் பள்ளி பிழைக்காது போகலாம். அப்போதும் குழந்தைகள் நடுத்தெருவில் நிற்க நேராது. விடுமுறைக்குப் புறப்படும் அச்சிறுவர் சிறுமியர் யாவரும் வெயிலில் விளையாடிக் களித்து, திறந்திருக்கும் பள்ளிக்கே திரும்பி வருவார்களாக!