தைராய்டு: கழுத்துக்குள் நடக்கும் கணக்கு

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தை அணைத்தபடி அமைந்திருக்கிறது தைராய்டு. வளர்ந்தவர்களுக்கு அதன் எடை பெரும்பாலும் 15 முதல் 25 கிராம்தான். உமிழ்நீர்ச் சுரப்பியில் ஊறுவது ஒரு நாளத்தின் வழியே வாய்க்குள் வந்து சேர்கிறது. தைராய்டுக்கு அப்படி ஒரு நாளம் கிடையாது; அதில் ஊறுவது நேரே இரத்தத்தில் கலந்துவிடும். பிட்யூட்டரி, அட்ரீனல், சூலகம், விந்தகம் எல்லாம் இந்த வகைதான். அதனால்தான் இவற்றுக்கு நாளமில்லாச் சுரப்பிகள் என்று பெயர். இவை இரத்தத்தில் விடும் செய்திப்பொருள்களை ஹார்மோன் என்று அழைக்கும் வழக்கத்தை 1905இல் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்.

தைராய்டு சுரக்கும் முதன்மை ஹார்மோன் தைராக்சின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் மருத்துவர்கள் அதை டி4 என்பார்கள். அயோடினை உடல் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவில் வந்தாக வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இவ்வளவு அரிதாகக் கிடைப்பதைத் தைராய்டு இரத்தத்திலிருந்து விடாமல் இழுத்து, நுண்பைகளுக்குள் ஒரு புரதத்தோடு கோத்துச் சேமித்துவைக்கிறது. மற்ற சுரப்பிகள் எதுவும் இவ்வளவு பெரிய இருப்பு வைப்பதில்லை. அயோடின் வரத்து நின்றாலும் இரண்டு மூன்று மாதங்களுக்குச் சமாளிக்கும் அளவு அங்கே இருக்கும்.

இரத்தத்தில் செல்லும் டி4 ஈரல் போன்ற திசுக்களில் ஓர் அயோடின் அணுவை இழந்து டி3 ஆகிறது. வீரியம் மிகுந்தது இந்த டி3தான். அது உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. உடல் எவ்வளவு எரிபொருளைச் செலவிடுகிறது, எவ்வளவு வெப்பம் உண்டாகிறது, இதயம் எந்த வேகத்தில் துடிக்கிறது, குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர்கிறது என எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது.

தைராய்டு தன்னிச்சையாகச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனை அனுப்பினால்தான் அது முழுவீச்சில் வேலை செய்யும். பிட்யூட்டரிக்கு உத்தரவு அதற்கு மேலே உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து வருகிறது. அந்த உத்தரவைச் சுமக்கும் ஹார்மோன் மூளையில் இருப்பது மிக மிகக் குறைவு. ரோஜர் கில்மன் செம்மறியாட்டு மூளைகளிலிருந்தும், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும் லட்சக்கணக்கில் ஹைப்போதலாமஸ் பகுதியைச் சேகரித்து, ஆண்டுக்கணக்கில் பிரித்தெடுத்துத்தான் 1969இல் அதன் அமைப்பைக் கண்டார்கள். 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உத்தரவு மேலிருந்து கீழே மட்டும் போவதில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஏற ஏறப் பந்து உயர்ந்து குழாயை அடைக்கும். தண்ணீர் இறங்கினால் குழாய் திறக்கும். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் பிட்யூட்டரியும் ஹைப்போதலாமஸும் அதை உணர்ந்து தூண்டுதலைக் குறைக்கின்றன. ஹார்மோன் குறைந்தால் தூண்டுதலைக் கூட்டுகின்றன. எதிர்மறைப் பின்னூட்டம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அட்ரீனலின் கார்டிசாலும் பாலின ஹார்மோன்களும் பெரும்பாலும் இதே ஏற்பாட்டில்தான் அளவோடு நிற்கின்றன.

இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். டி.எஸ்.எச். அதிகம் என்று வந்தால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர் எதிரானது. தைராய்டு தளர்ந்துவிட்டது, பிட்யூட்டரி அதை உரக்கக் கூவி எழுப்பப் பார்க்கிறது என்பதே அதன் பொருள். தைராக்சின் சிறிதே குறைந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். அதனால் நோயின் தொடக்கத்தையே அது காட்டிக்கொடுக்கிறது. "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தான் இருக்கிறது. சுரப்பு குறைந்ததா கூடியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இரண்டும் எதிரெதிர் நோய்கள். குறைந்தால் சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிடாயில் மிகை இரத்தப்போக்கு. கூடினால் படபடப்பு, எடை இழப்பு, கைநடுக்கம், வெப்பம் தாங்காமை.

அயோடின் இல்லாவிட்டால் இந்தப் பின்னூட்டமே சுரப்பியை வீங்கச் செய்கிறது. தைராக்சின் குறைகிறது, டி.எஸ்.எச். ஏறுகிறது, தூண்டப்பட்ட சுரப்பி கிடைக்கும் கொஞ்ச அயோடினையும் பிடித்துவிட வேண்டும் என்று பெருக்கிறது. அதுதான் முன்கழுத்துக் கழலை. மழையும் பனியும் மண்ணிலிருந்து அயோடினை அரித்துச் சென்றுவிட்ட மலைநாடுகளில் இது தலைமுறை தலைமுறையாக இருந்தது. சுவிட்சர்லாந்தில் 1922இல் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கினார்கள். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசாமியும் உடனிருந்தோரும் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில் முதல் இரண்டு பகுதிகளிலும் கழலை தெளிவாகக் குறைந்தது; மூன்றாவதில் குறையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

கடலோரத்துக்கு இது தேவையில்லை என்று நினைப்பது தவறு. கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் சொற்பமே. கடையில் விற்கும் அயோடின் உப்பில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட தமிழ்நாடோ, போதிய அயோடின் உள்ள உப்பு வீடுகளில் புழங்கும் அளவில் நாட்டிலேயே பின்தங்கிய மாநிலங்களுள் ஒன்று. அயோடின் சேர்க்காத கல்லுப்பு இன்னும் பல சமையலறைகளில் இருக்கிறது. இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

அயோடின் போதுமான அளவு கிடைத்தும் சிலருக்குச் சுரப்பி தளர்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தைராய்டையே தாக்குவது அதற்கு முக்கியக் காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ இந்த நோயை 1912இல் விவரித்தார். குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுப்பதே மருத்துவம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபி குடிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே மருந்தின் அளவை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் பரிசோதிக்க வேண்டும். பத்தே நாளில் எடுத்த பரிசோதனை சரியான நிலையைச் சொல்லாது.

கருவிலிருக்கும் குழந்தைக்கு முதல் மாதங்களில் சொந்தத் தைராய்டு வேலை செய்வதில்லை. மூளை வளர்ச்சிக்கு அது தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. அதனால் கர்ப்பிணிக்கு அயோடின் தேவை 250 மைக்ரோகிராமாக உயர்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிபார்க்க வேண்டும். தைராய்டே உருவாகாமலோ சரிவர இயங்காமலோ பிறக்கும் குழந்தைகளும் உண்டு. பிறந்தவுடன் அவர்கள் பெரும்பாலும் மற்ற குழந்தைகளைப் போலவே தெரிவார்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம்தான் அவர்களைக் கண்டுபிடிக்கும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கி, மாத்திரையைப் பொடித்துத் துளித் தாய்ப்பாலில் கரைத்து நாள்தோறும் புகட்டினால் அந்தக் குழந்தையின் மூளை இயல்பாக வளரும்.