ஊசி உடைந்தால் ஊரே நிற்கும்!

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஹட்டன் தையற்கடைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வாசலில் பிளவுஸ் கேட்டு வந்த கூட்டம், மேசையில் துணிப்பைகள், தெருவரை கேட்கும் மெஷின் சத்தம். நமக்குக் காட்டுவது அவ்வளவுதான். உள்ளே, தையல் பழக்கும் அறையில் என்னதான் நடக்கிறது? வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம்! செருப்பைக் கழற்றாதீர்கள். இந்த அறையில் செருப்பு கட்டாயம். தரையில் விழுந்து கிடக்கும் குண்டூசிக்கு வெறுங்கால் என்றால் தனிப் பிரியம்.

நுழைந்ததும் ஒரு திகைப்பு. அழகழகாக உடுத்தத் தெரிந்த பிள்ளைகள் இத்தனை பேர் இருந்தும் ஒருவர் கையிலும் வளையல் கிடையாது. பின்னல் சுருட்டிக் கட்டியிருக்கிறது, ஷோல் இடுப்போடு முடிச்சுப் போட்டிருக்கிறது. எல்லாம் அந்த பெல்ட்டுக்குப் பயந்துதான். மோட்டரையும் சில்லையும் இணைத்து ஓடும் பெல்ட்டுக்கு முடியும் ஒன்றுதான், முந்தானையும் ஒன்றுதான். கிடைத்ததைச் சுற்றிக்கொள்ளும்.

மெஷினுக்கு வருவோம். சிங்கர் கம்பனி இலங்கையில் கடை திறந்தது 1877இல். கால்மிதி மெஷினை மிதித்துப் பழகிய நம் பாட்டிமாருக்கு வேகம் என்பது அவர்கள் காலின் வேகம்தான். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பிறகு கிராமப்புறங்களில் கார்மண்ட்ஸ் பெருகியது. மலையகத்துப் பிள்ளைகளும் கட்டுநாயக்க வரை போய் மோட்டரில் ஓடும் ஜூக்கி மெஷினில் உட்கார்ந்தார்கள். இந்த ரக மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போடும். விநாடிக்கு எண்பதுக்கும் மேல்! பெடலில் கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்தினாலே துணி பாய்ந்து ஓடும். அதனால் இந்த அறையில் முதல் நாட்களில் நூலே கோக்கத் தருவதில்லை. கோடு போட்ட கடதாசியை வைத்து வெறும் ஊசியால் ஓட்டிப் பழக வேண்டும். கோட்டை விட்டு விலகினால் கடதாசி காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய கிளச் மோட்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அணைத்தாயிற்றே என்று ஊசி மாற்றக் கையைக் கொண்டுபோகிறீர்கள், கால் தெரியாமல் பெடலில் படுகிறது, ஊசி இறங்கிவிடுகிறது. எனவே அணைத்த பின் பெடலை ஒருமுறை மிதித்து மிச்ச ஓட்டத்தைத் தீர்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். புதிய சர்வோ மோட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மிதித்தால்தான் ஓடும், மற்ற நேரம் மூச்சே விடாது. என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. சத்தம் போடுகிற மெஷின் தான் விழித்திருப்பதையாவது சொல்லும்.

ஊசிக்கு முன்னால் மெல்லிய கம்பி ஒன்று வளைந்து நிற்கிறதே, அது விரலுக்குக் காவல். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. தையல் தெரியவில்லை என்று கழற்றப் பார்ப்பார்கள். டீச்சரின் குரல் உயர்வது அப்போதுதான். "அம்மா கொழுந்துக்குப் போறாங்க, இல்ல? அவங்க விரலுக்குக் கட்டுப் போட்டா வீட்டுல என்னா நடக்கும்?" பிள்ளை பேசாமல் கம்பியைத் திருப்பி மாட்டுகிறாள். கொழுந்து பறிக்கிற வீட்டில் விரல்தான் சம்பளம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனித்தான் கூத்து! சடக்கென்று ஒரு சத்தம். "டீச்சர், ஊசி போயிருச்சு!" அவ்வளவுதான், பக்கத்து மெஷின்களும் நின்றுவிட்டன. ஒருத்தி மேசையடியில், ஒருத்தி துணி மடிப்பில், ஒருத்தி பொபின் மூடிக்குள் தேடுகிறாள். காந்தம் தரையில் ஊர்கிறது. கிடைத்த துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து முழு ஊசி வருகிறதா என்று பார்க்கிறார்கள். நுனி இல்லை! மறுபடியும் தேடல். கடைசியில் உள்மடிப்புத் தையலில் மாட்டிக்கொண்டிருந்த நுனி அகப்பட, அறையே கைதட்டுகிறது. துண்டுகளை ஒரு கொப்பியில் செலோடேப்பால் ஒட்டி, திகதி, நேரம், மெஷின் இலக்கம் எழுதிய பிறகுதான் புதிய ஊசி கைக்கு வரும். விளையாட்டில்லை. ஏற்றுமதிக்குத் தைக்கும் தொழிற்சாலைகளிலும் இதே நடைமுறைதான். ஒரு துண்டு காணாமற்போனால் அந்தக் கட்டு உடுப்புகளையே ஒதுக்கி வைத்து, உலோகம் கண்டறியும் கருவியில் விட்டுப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு குழந்தையின் கழுத்துப்பட்டியில் அந்த நுனி இருந்துவிடக் கூடாதே!

ஊசி ஏன் உடைகிறது? பெரும்பாலும் அவசரத்தால்தான். துணியைத் தள்ளுவது மெஷினின் வேலை. நாம் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து, அடித்தகட்டில் மோதித் தெறிக்கும். டெனிமுக்கு 16ஆம் இலக்க ஊசி போட வேண்டிய இடத்தில் 11 போட்டாலும் இதே கதைதான்.

மற்ற விதிகளையும் போகிறபோக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். குண்டூசியை உதட்டில் கவ்வக் கூடாது. தும்மல் சொல்லிவிட்டா வரும்? கத்தரிக்கோலை மூடி, அலகைப் பிடித்து, பிடியை மற்றவர் பக்கம் நீட்ட வேண்டும். விழுகிற கத்தரிக்கோலைப் பிடிக்கப் பாயக் கூடாது. துணிக் கத்தரிக்கோலால் கடதாசி வெட்டினால்? அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அலகு மழுங்கும், மழுங்கிய அலகுக்குக் கை பலம் கூடுதலாகப் போடுவோம், அங்கேதான் வழுக்கும்.

துணிப் பாடம் ஒரு மந்திரவாதி நிகழ்ச்சி! யன்னலைத் திறந்து, தட்டில் தண்ணீர் வைத்து, சாமணத்தில் பிடித்த விரலகலத் துண்டுக்கு டீச்சர் நெருப்பு வைக்கிறார். கொட்டன் கடதாசி எரிகிற வாசத்தோடு சாம்பலாகிறது. பட்டு, முடி கருகிய நாற்றம். பொலியஸ்டரோ எரியும்போதே உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகுகிறது. அந்தச் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டே சுடும். அடுப்பங்கரையில் பொலியஸ்டர் ஷோலோடு நிற்காதே என்று அம்மாமார் சொல்வதற்குக் கண்முன்னே விளக்கம். அயனின் புள்ளிகளும் இதே கணக்கு. ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு 150, மூன்று 200. பொலியஸ்டருக்கு மூன்று புள்ளி வைத்தால் பிளவுஸ் அயனோடு போய்விடும்.

வெட்டிய துண்டுகள் மேசையடியில் சேரவே கூடாது. நியூயோர்க்கில் 1911 மார்ச் 25இல் டிரையாங்கிள் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். வெட்டு மேசைக்கு அடியிலிருந்த துண்டுத் துணிப் பெட்டியில்தான் நெருப்பு பிடித்தது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. இங்கே கதவருகே ஒரு நூல்பெட்டிகூட வைக்க விடுவதில்லை.

இத்தனைக்கும் மேல் ஹட்டன் மழை வேறு. தென்மேற்குப் பருவம் பிடித்தால் சுவரே வியர்க்கும். ஊசி துருப்பிடித்துத் துணியை இழுக்கும், மூலையில் மடித்து வைத்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்து வருகிறவர்கள் கையைத் துடைக்காமல் பிளக்கைத் தொடக் கூடாது. 230 வோல்ட் ஈரக் கைக்காகக் காத்திருக்கிறது. மெஷினுக்கு எண்ணெய் விட்டால் கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டி, மிச்ச எண்ணெயை அது குடித்த பிறகே நல்ல துணி.

இடி ஒன்று விழுகிறது. கரண்ட் போச்சு! இருட்டில் முதலில் கேட்பது டீச்சரின் "சுவிட்ச்!" வரிசையாக டக், டக், டக். யாரோ பெடலில் காலை வைத்தபடி இருக்க, கரண்ட் திடீரென்று திரும்பினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வேலை இல்லாத நேரம், பிளேன்டீ வருகிறது. தேயிலைக்குப் பேர்போன இந்த ஊரில், மெஷின் மேசைக்கு மட்டும் தேத்தண்ணி வரக் கூடாது! மெஷினில் சிந்தினால் மின்சாரம், துணியில் சிந்தினால் கறை. எல்லாரும் கோப்பையோடு வராந்தாவுக்கு. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மட்டும் கோப்பையை மெதுவாக மேசைப் பக்கம் நகர்த்துகிறாள்.

"தங்கச்சி, அந்தக் கோப்பை எங்க போகுது?"

"வெளிய போகுதுங்க டீச்சர்!"